மேலே ஒரு சாண் விட்டு

இதை நான் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன் அம்மா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோவையாகச் சொல்ல வராது. பின்னால் வர வேண்டியதை முன்னால் சொல்லிவிடுவேன். கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். விசாரணையிலும் அந்தப் பயத்தில்தான் அப்படி ஆயிற்று. பாருங்கள், ஆரம்பித்துவிட்டேன். விசாரணை கடைசியில் வரவேண்டியது.

நீங்கள் கேட்டது என்ன? ஆறு தெரு தள்ளிச் சொந்த வீடு இருக்கும்போது எதற்காக உங்கள் மாடிக்கு வாடகைக்கு வந்தோம் என்று. கேட்பது நியாயம்தான். போலீஸ் தேடுகிறவர்களா, புருஷன் பெண்டாட்டி சண்டையா என்று வீட்டைக் கொடுத்த உங்களுக்குத் தெரிய வேண்டாமா. அப்படி ஒன்றும் இல்லை. அந்தச் சேலைகளைத் தள்ளிவிட்டு உட்காருங்கள். எல்லாம் ஃபால்ஸ் தைக்க வந்தவை. நான் தைத்துக்கொண்டே சொல்கிறேன். கை சும்மா இருந்தால் எனக்கு வாய் குழறும்.

எங்கள் வீடு தெருவில் கடைசி வீடு. அதை அடுத்து ஒரு காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாநகராட்சியின் குடிதண்ணீர்த் தொட்டி. எட்டுத் தூண், அதன் மேல் கும்பா மாதிரி பெரிய தொட்டி. அதற்கு நேர் கீழே, அதே காம்பவுண்டுக்குள், அங்கன்வாடி. முப்பது பிள்ளைகள் வரும். காலையில் அவர்கள் பாடுவது என் அடுப்படியில் கேட்கும். நல்ல இடம் என்று நினைத்துத்தான் கட்டினோம். கோடையிலும் எங்களுக்குத் தண்ணீர் நின்றதில்லை.

எங்கள் வார்டில் ஏரியா சபை என்று ஒன்று ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். தெரு ஜனங்கள் உட்கார்ந்து சாக்கடை, விளக்கு, குப்பை என்று குறை சொல்ல வேண்டும். அதிகாரி எழுதிக்கொண்டு போய், அடுத்த கூட்டத்தில் என்ன செய்தோம் என்று ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிக்கு ஒரு மெம்பர் வேண்டும் என்றார்கள். என் பெயரைப் போட்டார்கள். நான் ஏழாவதோடு நின்றவள். ஆனால் என் கையெழுத்தைப் பாருங்கள், அச்சு மாதிரி இருக்கும். அதனால்தான் போட்டார்கள் என்று நினைக்கிறேன். வார்டு அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அதில் மூன்றாவது பெயர் குணவதி. எங்கள் வீட்டுக்காரர் தன் லோடு ஆட்டோவை நிறுத்தி இறங்கிப் போய்ப் படித்துவிட்டு வந்தார்.

தெருவில் எல்லாரும் மெம்பரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாதி கிண்டல்தான். "மெம்பரம்மா, எங்க வீட்டுக்காரர் குறட்டையையும் சபையில எழுதிக்கோங்க, தெருவே தூங்கலை" என்பாள் எதிர் வீட்டு அமுதா. எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்லுவானேன்.

கவுன்சிலர் லோகநாயகி அம்மா. ஆனால் கவுன்சிலர் என்று நாங்கள் சொன்னால் அது அவர் வீட்டுக்காரர் தண்டபாணிதான். அந்த அம்மா கூட்டத்துக்கு வந்து நடுநாற்காலியில் உட்காருவார், சிரிப்பார், வணக்கம் சொல்வார். பேச்செல்லாம் இவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மரியாதையான மனிதர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருதயமேரி. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. மருந்துக்கடையில் வேலை. சின்ன வயசுதான், முப்பதுகூட இருக்காது. அவள் மகள் ஜோஷ்னா அந்த அங்கன்வாடிக்குத்தான் போனாள். ஒரு மழைக்காலத்தில் தொட்டியின் அடியிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. பப்பாளிப் பழம் அளவுக்கு ஒரு துண்டு, பிள்ளைகள் விளையாடும் மணலில். அந்த நேரம் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேரி அந்தத் துண்டைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு சபைக்கு வந்துவிட்டாள். மேசைமேல் தூக்கி வைத்தாள்.

"சார், இது நேத்து விழுந்தது. இதை எடுத்துத் தலையில வச்சுப் பாருங்க, எவ்வளவு கனம்னு."

இன்ஜினியர் அதைத் தொடவில்லை. தண்டபாணிதான் சிரித்துக்கொண்டே, "மருந்துக்கடைப் பொண்ணு, நமக்கே மருந்து கொடுக்குது" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அன்று தீர்மானம் போட்டார்கள். தொட்டியைப் பழுதுபார்ப்பது என்று. நானும் கை தூக்கினேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம சொல்லு எடுபடுது பாருங்கக்கா" என்றாள்.

வேலை நடந்தது. பதினோரு நாள். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தூண்கள் கைக்கெட்டுகிற மாதிரி தெரியும். துணி காயப்போடும்போது பார்ப்பேன். இரண்டு பேர் சாரத்தில் நின்றுகொண்டு, வெடித்திருந்த இடங்களில் சிமெண்டைக் குழைத்து அப்பினார்கள். நாம் சுவரில் ஆணி பிடுங்கின ஓட்டையை அடைப்போமே, அப்படி. உள்ளே கம்பி துருப்பிடித்து உரிந்து கிடந்தது. அதைச் சுரண்டக்கூட இல்லை. அதன் மேலேயே அப்பினார்கள். அப்புறம் ஆகாய நீலத்தில் பெயின்ட். எனக்குத் துணியில் ஒரு நூல் விலகியிருந்தாலும் கண்ணில் படும். எல்லாம் கண்ணில் பட்டது. ஆனால் கட்டட வேலை பற்றி எனக்கு என்ன தெரியும் சொல்லுங்கள்? பெயின்ட் அடித்த பிறகு பார்க்கப் புதுத் தொட்டி மாதிரிதான் இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு ஜனம் வரவில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே என்று இருந்துவிட்டார்கள். பத்தொன்பது பேர். தண்டபாணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, இத்தனை கம்மியா இருந்தா சபை செல்லாதும்பாங்க. நீங்க நாலு வீடு ஏறி இறங்கி வருகைக் கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. நான் போனா அரசியலும்பாங்க. நீங்க போனா மறுக்க மாட்டாங்க."

கோடு போட்ட தாள்கள் கொடுத்தார். நான் பேனாவைத் திறந்தேன். "மேலே ஒரு சாண் விட்டு ஆரம்பிங்கக்கா. தலைப்பு ஆபீஸ்ல எழுதிக்குவாங்க" என்றார்.

எப்போதும் அப்படித்தான் அம்மா. எல்லாக் கூட்டத்திலும் அப்படித்தான். வாசலில் கையெழுத்து, அப்புறம் டீ, இரண்டு பிஸ்கட், அப்புறம் பேச்சு. பேசி முடித்ததைப் பின்னால் தாளின் தலைப்பில் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். பேசுவதற்கு முன்னால் எப்படி எழுத முடியும், சொல்லுங்கள். அதில் யாரும் தப்புக் கண்டதில்லை. நான் நன்றாகவே அளந்து ஒரு சாண் விட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது. நாற்பத்தோரு வீடு ஏறினேன். அமுதா மேலே, வெற்றிடத்தில் போடப் போனாள். "அங்க இல்லடி, கீழ போடு" என்று கையைத் தட்டிவிட்டேன். அத்தனை கவனமாக இருந்தேன்.

மேரி மட்டும் கேட்டாள்.

"மேலே என்னக்கா எழுதப்போறாங்க?"

"கூட்டத்துக்கு வந்தோம்னு எழுதுவாங்க. வேற என்ன?"

"நான் வரலியே."

"எல்லாருந்தான் வரலை. நீ ஒருத்தி போடலைன்னா சபை செல்லாதாம். அப்புறம் எங்க போய்க் குறை சொல்லுவே?"

கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்காகப் போடறேன்" என்று சொல்லிப் போட்டாள். அவள் சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம், ஜெராக்ஸ் தாள்களோடு வந்தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு வாங்கியிருக்கிறாள். வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. தாளை என் மிஷின்மேல் வைத்தாள்.

"இதுதான் நம்ம வருகைக் கையெழுத்து. படிங்க."

என்னால் அப்போது படிக்க முடியவில்லை. அவளே சொன்னாள். நாங்கள் எல்லாரும் தொட்டியின் கீழே போய் நின்று, தூண் தூணாகப் பார்த்து, வேலை திருப்தியாக முடிந்தது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டோமாம். நான் விட்ட அந்த ஒரு சாணில் அத்தனையும் எழுதியிருந்தது. முதல் கையெழுத்து குணவதி, ஏரியா சபை உறுப்பினர்.

"நான் சத்தியமா வெத்துத்தாள்லதான் வாங்கினேன் மேரி."

"எனக்குத் தெரியுங்கக்கா. அதைத்தான் நீங்க வந்து சொல்லணும். கமிஷனர்கிட்ட மனு போட்டிருக்கேன். விசாரணை வைப்பாங்க. தாள் வெறுமையா இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், தொட்டியைத் திரும்பப் பாத்தே ஆகணும். தூண்ல மறுபடி விரிசல் வந்திருச்சு. பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். துணி காயப்போடும்போது பார்த்திருந்தேன். வருகிறேன் என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன் அம்மா, நம்புங்கள்.

அதற்கு அடுத்த நாள் தண்டபாணி வந்தார். தனியாக, பைக்கில். கோபமே இல்லை. உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். முழு சொம்பையும் குடித்தார்.

"இந்தத் தொட்டித் தண்ணிதானே அக்கா? நல்லாத்தான இருக்கு."

"நல்லா இருக்குங்க."

"அந்தப் பொண்ணு ஏதோ மனு போட்டிருக்காம். உங்களைச் சாட்சி சொல்லியிருக்கு. சொல்லுங்க, உண்மையைச் சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன்." கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்குனது மோசடின்னு ஆயிட்டா, கேஸ் யார் மேல வரும்? வாங்குனவங்க மேல. நானா வீடு வீடாப் போனேன்? நாற்பத்தோரு பேரும் உங்க மூஞ்சியத்தான் சொல்லுவாங்க."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். எங்கள் படிக்கட்டைப் பார்த்தார். அது சாக்கடை மேலே இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

"மாடி அறைக்கு அனுமதி வாங்கினீங்களா அக்கா? இல்ல, சும்மா கேட்டேன். விசாரணைன்னு ஆரம்பிச்சா அதிகாரிங்க தெருவுல இறங்கி எல்லாத்தையும் பாப்பாங்க. அவங்களை நான் எப்படித் தடுக்கறது?"

போய்விட்டார். பைக் சத்தம் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். எங்கள் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, "மெம்பரா இருந்து கிழிச்சது போதும். தாள்ல எழுதியிருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்துரு" என்றார். நான் என்ன செய்வேன்?

விசாரணை மண்டல அலுவலகத்தில் நடந்தது. வேறு ஊர் அதிகாரி ஒருவர், நல்லவர் மாதிரி இருந்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். மேரி சுவரோரம் நின்றாள். மகளை இடுப்பில் வைத்திருந்தாள். கூடக் கையெழுத்துப் போட்ட அமுதாவும் மற்றவர்களும் வரவில்லை. அவர்கள் வீட்டுக்கும் அந்த பைக் போயிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"நீங்க கையெழுத்து வாங்கும்போது இந்தத் தீர்மானம் தாள்ல இருந்ததா, இல்லையா?"

"இருந்துச்சுங்க."

"அதைப் படிச்சுக் காட்டித்தான் வாங்கினீங்களா?"

"படிச்சுக் காட்டித்தாங்க வாங்கினேன்."

மேரி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அமைதியாகச் சொன்னாள்: "சார், நாற்பத்தோரு வீட்டுல படிச்சுக் காட்டியிருக்காங்க இல்ல? இப்ப நாற்பத்திரண்டாவது தடவை படிக்கச் சொல்லுங்க."

அதிகாரி தாளை என் பக்கம் தள்ளினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். எடுத்துப் படித்தேன். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் பழுதுபார்ப்புப் பணிகள் பொதுமக்கள் முன்னிலையில் ஆய்வு செய்யப்பட்டு, தூண்களின் உறுதித்தன்மை... அந்த இடத்தில் ஒருமுறை நின்றேன். உறுதித்தன்மை. பிறகு விடாமல் படித்து முடித்தேன். அன்றுதான் அம்மா நான் அதை முதல் முதலாகப் படிக்கிறேன். வார்த்தை வார்த்தையாக எனக்குப் புரிந்தது. தண்ணீர்த் தொட்டி ஐம்பது வருஷத்துக்கு நிற்கும் என்று எழுதின மாதிரி இருந்தது. கீழே என் கையெழுத்து, அச்சு மாதிரி.

"நல்லாத் தெளிவாப் படிக்கிறாங்களே" என்று எழுத்தரிடம் சொன்னார் அதிகாரி. கோப்பை மூடினார். எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏழாவது படித்தவளை அதுவரை அப்படி யாரும் சொன்னதில்லை.

வெளியே வரும்போது மேரி படியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். "என் மேல கோவமா மேரி?" என்று கேட்டேன். கேட்காமல் எப்படிப் போவது.

"இல்லக்கா. இனிமே அந்தத் தொட்டி கெட்டுப்போச்சுன்னு உங்களால யாருகிட்டயும் சொல்ல முடியாது. அதை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

அவள் சும்மா இருந்தாளா? இல்லை. மறுநாள் காலையில் அங்கன்வாடி வாசலில் நின்றுகொண்டு, பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒரு வாரம் பிள்ளைகள் குறைந்தார்கள். அப்புறம், பீதியைக் கிளப்புகிறாள், அரசாங்க ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுக்கிறாள் என்று யாரோ புகார் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க உட்காரவைத்தார்கள். மருந்துக்கடை முதலாளி வேலைக்கு வரவேண்டாம் என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். என் வீட்டுக்கு வரவில்லை. பிள்ளைகள் திரும்ப வர ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை வேறு எங்கே விடுவார்கள்?

எனக்கு என்ன வந்தது என்கிறீர்களா? ஒன்றும் வரவில்லை. படிக்கட்டு அப்படியே இருக்கிறது. மாடியை யாரும் கேட்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

ஆனால் தொட்டி. எனக்குத் தொட்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் நீலப் பெயின்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. ஆடி மாதத்தில் அது நகம் நுழைகிற அளவு. ஐப்பசி மழைக்குப் பிறகு காம்பவுண்டுக்குள் போய் விரலை வைத்துப் பார்த்தேன். முதல் கணு வரை போயிற்று. விரலை எடுத்தால் துரு. காலையில் ஐந்து மணிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவார்கள். தொட்டி நிறைய நிறைய ஒரு சத்தம் வரும், யாரோ பெரிய ஆள் நெட்டி முறிப்பது போல. வீட்டுக்காரர் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பார். நான் அடுப்பைப் பற்றவைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்புறம் ஒன்பதரைக்குப் பிள்ளைகள் பாட ஆரம்பிப்பார்கள்.

இன்ஜினியரிடம் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை புறப்பட்டேன். என்னவென்று சொல்வது? தூண் தூணாகப் பார்த்து உறுதி என்று சொன்னவளே நான்தான். இப்போது போனால், அப்போது பொய் சொன்னாயா என்பார்கள். பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன். என் எழுத்து வார்டு முழுக்கத் தெரியும். கிழித்துப் போட்டேன்.

பிறகுதான் வழி தெரிந்தது. காம்பவுண்டு போர்டில் தொட்டியின் உயரம் எழுதியிருக்கிறது, அறுபது அடி. வீட்டுக்காரருடைய டேப்பை எடுத்துக்கொண்டு அளந்தேன். தூணிலிருந்து என் படுக்கையறைச் சுவர் முப்பத்தெட்டு அடி. அடுப்படி நாற்பத்தைந்து. வாசல் ஐம்பத்தெட்டு. எங்கள் வீட்டில் அறுபது அடிக்கு வெளியே இருப்பது அந்தப் படிக்கட்டு மட்டும்தான். அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன், இனி இந்த வீட்டில் நான் சமைக்க மாட்டேன் என்று. உங்கள் மாடி காலியாக இருப்பதாகப் பால்காரர் சொன்னார். இங்கிருந்து பார்த்தால் தொட்டி தெரியவில்லை. அதற்காகத்தான் வந்தவுடன் ஜன்னலைத் திறந்து பார்த்தேன், நீங்கள்கூட ஏதோ காற்று பார்க்கிறேன் என்று நினைத்தீர்கள்.

அந்த வீட்டைப் பூட்டிப் போட்டால் ஏன் பூட்டினார்கள் என்று கேள்வி வரும். அதனால் ஒரு வெளியூர்க் குடும்பத்துக்கு விட்டோம். ராஜபிரியா என்று பெயர், அவள் புருஷனுக்கு இங்கே மில்லில் வேலை. இரட்டைப் பிள்ளைகள், மூன்று வயது. வீட்டைப் பார்க்க வந்தபோது குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி இப்படி வருதே" என்று அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்திலேயே அங்கன்வாடி என்று தெரிந்ததும் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டாள். தங்கமான பெண். என்னைப் பார்த்தால் அக்கா அக்கா என்று கையைப் பிடித்துக்கொள்வாள்.

நீங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? ஒன்றும் சொல்லாமல் நான் சாவியைக் கொடுக்கவில்லை. படுக்கையறைக்குக் கூட்டிப்போய், கட்டிலைக் காம்பவுண்டுப் பக்கம் போடாதே, வாசல் பக்கம் போடு என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். வாஸ்து என்றேன்.